முதியோர் மனநலம் ஒரு வரியில் முடிகிற துறையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

உளவியல் படித்தவர்களுக்கு என்னென்ன வேலை இருக்கிறது என்று உங்கள் கல்வி இணைப்பில் ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீர்கள். பள்ளி ஆலோசகர், மனிதவளத் துறை, விளையாட்டு உளவியல், குற்றவியல், கடைசியில் செயற்கை நுண்ணறிவு வரைக்கும் போய்விட்டு, "சேவை மனப்பான்மை உள்ளவர்கள் முதியோர் இல்லங்களிலும் ஆலோசகராகலாம்" என்று அடியில் ஒரே ஒரு வரி. முதியோர் மனநலத்திலேயே வேலை பார்த்துத் தலை நரைத்தவள் நான். அந்த வரியைப் பார்த்ததும் முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் யோசித்தால், இதைப் படிக்கிற இருபது வயதுப் பிள்ளைகள் இப்படி ஒரு துறை இருப்பதே தெரியாமல் தாண்டிப் போய்விடுவார்களே என்று கவலையாகிவிட்டது. கடிதம் நீளம்தான். வெட்டுவதாக இருந்தால் என் புலம்பலை வெட்டுங்கள், ஆட்களையும் அவர்கள் கண்டுபிடித்ததையும் விட்டுவையுங்கள்.

"வயசானா அப்படித்தான்" என்று எல்லோரும் சொல்கிறோம். மறதியா, வயசாயிடுச்சு. யாரிடமும் பேசுவதில்லையா, வயசாயிடுச்சு. எரிந்து விழுகிறாரா, அதுவும் வயசுதான். அதில் எது உண்மையிலேயே வயதால் வருவது, எது நோயால் வருவது, எது நாம் அவர்களை நடத்துகிற விதத்தால் வருவது என்று பிரித்துப் பார்ப்பதுதான் எங்கள் தொழில். சேவை மனப்பான்மை இருந்தால் நல்லது, யார் வேண்டாம் என்றது? ஆனால் அது மட்டும் இருந்தால் இந்த வேலையில் ஒரு வாரம்கூடத் தாங்காது.

வார்னர் ஷாயி என்ற உளவியலாளரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் பிறந்த யூதர், சிறுவயதில் குடும்பத்தோடு நாஜிகளிடமிருந்து தப்பி ஷாங்காய்க்குப் போய், அங்கிருந்து அமெரிக்கா வந்தவர். 1956இல் முனைவர் பட்டத்துக்காக, சியாட்டில் நகரில் ஒரு மருத்துவத் திட்டத்தில் உறுப்பினராக இருந்த 500 பேருக்கு அறிவுத்திறன் தேர்வுகள் வைத்தார். இருபதுகளில் இருந்தவர்கள் முதல் எழுபது வரை எல்லா வயதினரும் அதில் இருந்தார்கள். அன்றைக்கு எல்லோருக்கும் கிடைத்த முடிவுதான் அவருக்கும் கிடைத்தது, வயது கூடக்கூட மதிப்பெண் குறைந்தது. வேறொருவராக இருந்தால் பட்டத்தை வாங்கிக்கொண்டு வேறு வேலைக்குப் போயிருப்பார். இவர் ஏழு வருடம் கழித்து 1963இல் அதே ஆட்களைத் தேடிப் போனார். மறுபடி 1970, 1977, 1984 என்று ஏழாண்டுக்கு ஒருமுறை போய்க்கொண்டே இருந்தார், ஒவ்வொரு முறையும் புதிதாகவும் ஆட்களைச் சேர்த்துக்கொண்டார்.

ஒரே மனிதரைத் தொடர்ந்து பார்த்தபோது கதையே மாறிவிட்டது. முதல் தேர்வில் தெரிந்த அந்தச் சரிவு, தனித்தனி மனிதரிடம் அவ்வளவு சீக்கிரமாகவும் அவ்வளவு செங்குத்தாகவும் வரவில்லை. பெரும்பாலானவர்களுக்குப் பெரும்பாலான திறன்கள் அறுபதுகள் வரை ஓரளவு அப்படியே நின்றன, சொல்வளம் போன்றவை நடுவயதில் கூடத்தான் செய்தன. வேகம் மட்டும் முன்பே குறையத் தொடங்கியது, எண்பதுகளில் சரிவு பொதுவாகவே தெரிந்தது, அதை மறைப்பதற்கில்லை. அப்படியானால் 1956இல் தெரிந்த அந்தப் பெரிய வித்தியாசம்? அன்று எழுபது வயதில் இருந்தவர் 1880களில் பிறந்தவர், அவருக்குக் கிடைத்த பள்ளிப்படிப்பு வேறு, இருபது வயதுக்காரருக்குக் கிடைத்தது வேறு, இரண்டு தலைமுறைகளை ஒரே நாளில் உட்காரவைத்துத் தேர்வு வைத்துவிட்டு வித்தியாசம் மொத்தத்தையும் முதுமையின் கணக்கில் எழுதிவிட்டோம். இது தெரிந்துகொள்ள ஒரு மனிதரின் வாழ்நாள் வேலை தேவைப்பட்டிருக்கிறது. "முப்பதைத் தாண்டினால் மூளை மங்கத் தொடங்குகிறது" என்கிற ரகத் தலைப்புகள் இன்றும் எல்லாப் பத்திரிகைகளிலும் வருகின்றன, உங்களுடையதும் விதிவிலக்கில்லை. அவற்றில் பல, இதே போல வெவ்வேறு வயதினரை ஒரே நேரத்தில் ஒப்பிட்ட ஆய்வுகளை வைத்து எழுதப்பட்டவை.

ஷாயியும் அவருடைய மனைவி ஷெரி வில்லிஸும் 1980களில் இன்னொன்று செய்தார்கள். 64 வயதைக் கடந்தவர்களுக்கு, தலா ஒரு மணி நேரமாக ஐந்தே ஐந்து அறிவுத்திறன் பயிற்சி வகுப்புகள். மூன்றில் இரண்டு பங்குப் பேர் தேறினார்கள். ஏற்கெனவே திறன் இறங்கிப்போயிருந்தவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் பதினான்கு வருடத்துக்கு முன் இருந்த நிலைக்கே திரும்பினார்கள். இது எப்படித் தெரியும் என்றால், பதினான்கு வருடத்துக்கு முந்தைய அவர்களுடைய மதிப்பெண் கையில் இருந்தது, அவ்வளவுதான். நீண்டகால ஆய்வின் அருமை அங்கேதான் புரியும். (உடனே கைப்பேசியில் மூளை விளையாட்டுச் செயலி வாங்கிவிடாதீர்கள். பயிற்சி கொடுத்த திறன்தான் தேறும், அது வாழ்க்கை முழுக்கப் பரவும் என்பதற்கு ஆதாரம் குறைவு. அந்த விளம்பரங்களை நீங்கள் போடுவதைப் பற்றி இன்னொரு கடிதமே எழுதலாம்.)

எங்கள் துறை ஏன் இவ்வளவு தாமதமாக வளர்ந்தது என்பதற்கு ஒரு காரணம் மேலிருந்தே வந்தது. ஐம்பதை நெருங்கியவர்களிடமும் தாண்டியவர்களிடமும் மனம் நெகிழும் தன்மை இருக்காது, அவர்களுக்கு இனி எதையும் கற்பிக்க முடியாது என்று 1904இல் ஒரு சொற்பொழிவில் சொன்னவர் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த சிக்மண்ட் ஃப்ராய்ட். சொல்லும்போது அவருக்கே வயது 48! தன் முக்கியமான எழுத்துகளில் பலவற்றை அதற்குப் பிறகுதான் எழுதினார் என்பது வேறு விஷயம். வயதானவர்களுக்குப் பேச்சு சிகிச்சை வீண் என்ற எண்ணம் அங்கிருந்து இறங்கி வந்து, பல இடங்களில் இன்னும் போகவில்லை. வந்தவருக்கு எழுபது வயது என்றால் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்புவதும், முப்பது வயது என்றால் ஆலோசனைக்கு அனுப்புவதும் சகஜம். எழுபது வயதுக்காரர் அந்த மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு இரவில் எழுந்து தடுமாறி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். பேச்சு சிகிச்சைகள் முதியோரின் மனச்சோர்வுக்கும் பலன் தருகின்றன என்று எப்போதோ நிரூபித்தாயிற்று, ஆனால் அந்தச் செய்தி மருந்துச்சீட்டு எழுதும் மேசை வரை போய்ச் சேரவில்லை.

மருத்துவமனைப் பக்கம் உண்மையில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மாணவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. மனச்சோர்வில் இருக்கும் முதியவர் "எனக்கு மனசு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு வருவது அபூர்வம். முதுகு வலிக்கிறது, தூக்கம் வரவில்லை, எதுவும் ருசிக்கவில்லை, "எனக்கென்ன, இருக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்" என்பார். கூடவே மறதியும் சேர்ந்துகொள்ளும். உடனே வீட்டில் டிமென்ஷியா (நினைவும் சிந்தனையும் படிப்படியாகச் சிதையும் மூளைக் கோளாறு) என்று முடிவு கட்டிவிடுவார்கள். இங்கேதான் உட்கார்ந்து பேச வேண்டும், சோதிக்க வேண்டும். மனச்சோர்வில் இருப்பவர் பெரும்பாலும் தன் மறதியைப் பற்றித் தானே புலம்புவார், கேள்வி கேட்டால் "தெரியலை, என்னால முடியாது" என்று விட்டுவிடுவார், கொஞ்சம் குறிப்புக் கொடுத்தால் பதில் வந்துவிடும். டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமர் நோய் உள்ளவர் பல நேரம் மறதியே இல்லை என்பார், தவறான பதிலைத் தைரியமாகச் சொல்வார், குறிப்புக் கொடுத்தாலும் அவ்வளவாக உதவாது. கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா, ஆனால் இரண்டும் சேர்ந்தே வரலாம், வயதான பிறகு முதன்முறையாக வரும் மனச்சோர்வு டிமென்ஷியாவின் முன்னோட்டமாகவும் இருக்கலாம், அதனால் ஒரே சந்திப்பில் தீர்ப்புச் சொல்லாமல் ஆறு மாதம், ஒரு வருடம் என்று மறுபடி மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று குழம்பிப் பேசினால் அது இரண்டுமே இல்லாமல் கிருமித்தொற்றாகவோ மருந்துக் கோளாறாகவோ இருக்கலாம், அப்போது எங்களிடம் வருவதற்கு முன் மருத்துவரிடம் ஓட வேண்டும்.

கேள்வித்தாளில்கூட எவ்வளவு விஷயம் இருக்கிறது பாருங்கள். பொதுவான மனச்சோர்வுக் கேள்வித்தாள்கள் தூக்கம், பசி, களைப்பு பற்றிக் கேட்கும். மூட்டுவலியும் சர்க்கரையும் உள்ள 75 வயதுக்காரருக்கு மனசு எவ்வளவு தெம்பாக இருந்தாலும் அதில் மதிப்பெண் ஏறிவிடும். யெசவேஜ் என்பவரும் அவருடைய குழுவினரும் 1980களின் தொடக்கத்தில் முதியோருக்கென்றே ஒரு கேள்வித்தாள் செய்தார்கள், உடம்பு சம்பந்தப்பட்ட கேள்விகளை எடுத்துவிட்டு, ஆம் அல்லது இல்லை என்று மட்டும் பதில் சொல்லக்கூடிய முப்பது கேள்விகள். பிறகு அது பதினைந்தாகச் சுருங்கியது. இன்றும் அதைத்தான் நாங்கள் அதிகம் எடுக்கிறோம். நினைவாற்றல் சோதனைக்கு வருவோம். சில சொற்களைப் படித்துக் காட்டி, சிறிது நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்கிறோம். காது மந்தமாக இருப்பவர் பாதிச் சொற்களைக் கேட்கவே இல்லை, கேட்காத சொல்லை எப்படி நினைவில் வைத்திருப்பார்? முதலில் காதைச் சோதியுங்கள், கண்ணாடி போட்டிருக்கிறாரா என்று பாருங்கள், களைப்பில்லாத காலை நேரத்தில் கூப்பிடுங்கள், பதிலைப் பக்கத்தில் இருக்கும் மகனோ மகளோ சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொரு புது மாணவருக்கும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். காது விஷயம் அற்பமானதில்லை, லான்செட் மருத்துவ இதழ் டிமென்ஷியா பற்றி அமைத்த ஆணையத்தின் 2024 அறிக்கை மாற்றக்கூடிய 14 அபாயக் காரணிகளைச் சொல்கிறது, அவற்றில் கேட்கும் திறன் இழப்பும் மனச்சோர்வும் தனிமைப்பட்டுப் போவதும் உண்டு, எல்லாவற்றையும் சரிசெய்ய முடிந்தால் ஏறக்குறைய 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு.

பராமரிப்பவர்களையும் மறந்துவிடக் கூடாது. ஸ்டீவன் ஜரிட் என்ற உளவியலாளர் 1980இல் இரண்டு சகாக்களோடு சேர்ந்து, டிமென்ஷியா உள்ளவர்களைப் பார்த்துக்கொள்கிற 29 பேரை ஆராய்ந்தார். நோய் முற்ற முற்றப் பராமரிப்பவரின் பாரம் கூடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நோயாளியின் மறதியோ தொந்தரவோ எவ்வளவு என்பதோடு பாரம் ஒத்துப்போகவில்லை. மற்ற உறவினர்கள் எத்தனை முறை வந்து எட்டிப் பார்த்தார்கள் என்பதோடுதான் ஒத்துப்போனது. சிறிய ஆய்வுதான், ஆனால் அதன் கேள்விப் பட்டியலை (இப்போது 22 கேள்விகள்) உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். வாரம் ஒருமுறை வந்து அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிற தம்பியால் அக்காவின் பாரம் குறையக்கூடும் என்பதை ஒரு உளவியலாளர் எண்களில் காட்டினார். இதைச் சொன்னபிறகு சில குடும்பங்களில் சண்டையே வந்திருக்கிறது, வரட்டும்.

இது எல்லாம் சோகமான கதை என்று உங்கள் வாசகர்கள் நினைக்கக்கூடும். லாரா கார்ஸ்டென்சனைப் பற்றிச் சொல்கிறேன். இருபத்தொன்றாம் வயதில் ஒரு கார் விபத்தில் அடிபட்டு மாதக்கணக்கில் மருத்துவமனையில் படுத்துக் கிடந்தார், அந்த வார்டில் சுற்றிலும் இடுப்பெலும்பு முறிந்த வயதான பெண்கள். பேராசிரியரான அவருடைய அப்பா, மகளுக்குப் பொழுது போகட்டும் என்று உளவியல் வகுப்புக்குத் தானே போய் உட்கார்ந்து பாடத்தை ஒலிப்பதிவு செய்து கொண்டுவந்து கொடுத்தார். படுத்த படுக்கையிலேயே அந்தப் பெண்களையும் தன்னையும் எவ்வளவு வேறு விதமாக நடத்துகிறார்கள் என்று கவனித்த அந்தப் பெண், பின்னாளில் ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியராகி முதுமையின் உணர்ச்சிகளை ஆராய்ந்தார். 18 முதல் 94 வயது வரையிலான 184 பேரிடம் பேஜர் கொடுத்து, ஒரு வாரம் முழுக்க, அது ஒலிக்கிற நேரமெல்லாம் அந்த நொடியில் என்ன உணர்கிறீர்கள் என்று எழுதச் சொன்னார். கோபம், பயம், வருத்தம் போன்றவை இளையவர்களைவிட மூத்தவர்களுக்குக் குறைவாகவே வந்தன. ஷாயியின் பாடம் ஞாபகம் இருக்கிறதல்லவா, இவரும் அதே ஆட்களை ஐந்து வருடம், பத்து வருடம் கழித்து மறுபடி பார்த்தார், முடிவு நின்றது. எதிர்காலம் குறுகிவிட்டது என்று தெரிந்தவர்கள் வேண்டாதவர்களை விட்டுவிட்டு வேண்டியவர்களோடு நேரத்தைச் செலவழிக்கிறார்கள் என்பது அவர் தரும் விளக்கம். எல்லா முதியோரும் ஆனந்தமாக இருக்கிறார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி முதியோரில் சுமார் 14 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். மனச்சோர்வு முதுமையின் இயல்பு கிடையாது, அதனால்தான் அது வந்தால் சிகிச்சை தேவை.

மார்கரெட் கேட்ஸ் என்ற உளவியலாளர் இன்னொருவர். ஸ்வீடனின் இரட்டையர் பதிவேட்டை வைத்து 11,884 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்து, அல்சைமர் நோயில் மரபணுவின் பங்கு மிகப் பெரியது என்று 2006இல் சகாக்களோடு எழுதியவர். ஆனால் ஒரே மரபணு கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு வந்த நோய் மற்றவருக்கு வராமலே போனதும் உண்டு, இருவருக்கும் வந்தாலும் வருடக்கணக்கில் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்பதை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? உங்கள் இணைப்பைப் படித்துவிட்டு மனிதவளத் துறைக்குப் போகப்போகும் அந்தப் பிள்ளையாகவே இருக்கலாம்.

சரி, கஷ்டங்கள். உளவியலில் முதுகலை போதாது, மருத்துவ உளவியல் பயிற்சியோ முனைவர் பட்டமோ வேண்டும், புள்ளியியல் கண்டிப்பாக வேண்டும், அதைக் கண்டு ஓடுபவர்கள் இங்கே வர வேண்டாம். நிதி மூன்று, ஐந்து வருடத்துக்குத்தான் கிடைக்கும், கேள்விக்குப் பதில் கிடைக்க இருபது வருடம் ஆகும். ஒவ்வொரு சுற்றிலும் ஆட்கள் குறைவார்கள், விட்டுப்போகிறவர்கள் பெரும்பாலும் உடம்பு முடியாதவர்கள், அதனால் மீதி இருப்பவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் முதுமை ரொம்ப அழகாகத் தெரியும், அந்தப் பொறியில் விழாமல் கணக்குப் போடுவதற்கே தனிப் படிப்பு தேவை. டிமென்ஷியா உள்ளவர் ஆய்வுக்குச் சம்மதம் தந்தால் அது சம்மதம்தானா என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டும். பல வருடம் பார்த்துப் பழகிய ஒருவரின் கோப்பில் "இறந்துவிட்டார்" என்று குறிப்பதும் தரவுதான், ஆனாலும் அன்றைக்கு வேறு வேலை ஓடாது.

இன்னொன்றும் உண்டு. குழந்தை உளவியலாளர் திரும்பக் குழந்தையாகப் போவதில்லை, நாங்களோ ஆராய்கிற இடத்துக்கே மெல்ல நடந்து போகிறோம். அமெரிக்க உளவியல் சங்கத்தின் முதல் தலைவரான ஸ்டான்லி ஹால் 1904இல் விடலைப் பருவத்தைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார், 1922இல், எழுபதைத் தாண்டிய பிறகு, முதுமையைப் பற்றி எழுதினார். முதல் நூல் ஒரு துறையையே தொடங்கிவைத்தது. இரண்டாவதை அன்று கண்டுகொண்டவர்கள் குறைவு.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. முதுமை பற்றிய ஆய்வுச் செய்தி வந்தால், ஒரே ஆட்களை வருடக்கணக்கில் பார்த்தார்களா அல்லது வெவ்வேறு வயதினரை ஒரே நாளில் ஒப்பிட்டார்களா, நடுவில் எத்தனை பேர் விலகினார்கள் என்று மட்டும் உங்கள் செய்தியாளர் கேட்டு எழுதட்டும். அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. பெக்கா லெவி என்ற உளவியலாளர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் முதுமையை நல்ல விதமாகப் பார்த்தவர்கள் மோசமாகப் பார்த்தவர்களைவிட 7.5 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள், உடல்நிலை, வசதி, தனிமை ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும்கூட. எண்ணம்தான் ஆயுளைக் கூட்டியது என்று இந்த ஒரு ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும், மூளை மங்குகிறது என்று வாரம் ஒரு தலைப்பு போடுகிறவர்கள் யோசித்துப் பார்க்கலாம்.

அடுத்த கல்வி இணைப்பில் அந்த ஒரு வரிக்குப் பதிலாக அரைப்பக்கம் ஒதுக்கினால் நானே எழுதித் தருகிறேன். சம்பளம் எவ்வளவு என்று கேட்பீர்கள், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன், மனிதவளத் துறையைவிடக் குறைவுதான்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
ஒரு முதியோர்நல உளவியலாளர்